புதுக்கோட்டையில் நான் தள்ளிப்போட்ட நாள்

திருச்சியில் என் கல்லூரி நண்பனின் பேத்திக்குக் கல்யாணம். அதற்காகத்தான் வந்தேன் என்று விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரியிடம் சொன்னேன். தைப்பிங்கில் மகளிடம் சொன்னதும் அதுதான். மணமக்களை வாழ்த்தி, பந்தியில் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நண்பனிடம் மெதுவாக ஆரம்பித்தேன்: புதுக்கோட்டைப் பக்கம் நாலு நாள் போய்க் குடைவரை, கோயில் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன்.

"எழுபத்து மூணு வயசுல பாறை மேல ஏறப்போறியா?" என்றான் அவன். "கீழ நின்னு பாத்தாலே தெரியும்டா. அது எங்கயும் போகாது."

எங்கும் போகாது என்பதுதான் என் சிக்கல். ஐம்பது ஆண்டுகளாக அது அங்கேயே இருக்கிறது.

ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நான் நான்கு ஊர்களுக்குப் போனேன். முதல் மூன்றும் எல்லாரும் பார்க்க வேண்டிய இடங்கள். நான்காவது ஊரில் ஒரு மனிதரைக் கண்டு, நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் மூன்று ஊர்களும் அந்த நாளைத் தள்ளிப்போட எனக்குக் கிடைத்த சாக்குகள். நல்ல சாக்குகள்தான், அதனால் அவற்றைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை விடுதி மேசையில் இருந்தவரிடம், "பசியாறணும், பக்கத்துல கடை இருக்கா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவுக்குப் பசியாறுதல் என்றுதான் பெயர். அவர் என் முகத்தைப் பார்த்து எழுந்தே விட்டார். "உக்காருங்கய்யா, ரெண்டு நாளா சாப்புடலையா?" என்று தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். விளக்கம் சொல்லிப் பழத்தைத் திருப்பித் தருவதைவிடத் தின்றுவிடுவது மரியாதை என்று தோன்றியது. தின்றேன். பிறகு எதிர்க்கடையில் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். தைப்பிங் கோப்பிக் கடையில் ஒரு ரொட்டி சானாயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம். இங்கே கடைசி வாய் உள்ளே போவதற்குள் என் நாற்காலியின் முதுகை அடுத்தவர் பிடித்துக்கொண்டு நின்றார். கோபமாக அல்ல, பாசமாக.

திருக்கோகர்ணத்துக்கு டவுன் பஸ்ஸில் போனேன். கோயிலுக்குள் நுழைந்து நடக்க நடக்க மண்டபங்கள் முடிகிற மாதிரி இல்லை. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் தூணும் சுவரும் போய்ப் பாறையே கருவறையாகிவிடுகிறது. கட்டியவர்கள் காலத்தில் பின்னோக்கி நடக்க வைத்திருக்கிறார்கள் என்று மாணவனாக இருந்த காலத்தில் இங்கே வந்தபோது குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அழகாக எழுதுவதில் எனக்கு அப்போது குறைவில்லை. அதையும் பின்னால் சொல்கிறேன்.

அருங்காட்சியகம் கொஞ்ச தூரம்தான். பதம் செய்த பறவைகள், கல் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள். கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒருவர் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி பின்னாலிருந்து சொன்னார், "அந்தம்மாவப் பாத்தது போதும், ஒங்கம்மா பஸ் ஸ்டாண்டுல வெயில்ல நிக்கிது." அவர் நகர்ந்தார். பெட்டிக்குள் இருந்த தேவி நின்றபடியே நின்றாள்.

எல்லாவற்றின் அருகிலும் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளில் விட்டுக்கொண்டுதான் நான் அங்கே முழு நேரமும் நடந்தேன். யாராவது கவனித்திருந்தால் குளிர்கிறது என்று நினைத்திருப்பார்கள். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாம் நாள் நார்த்தாமலை. ஆட்டோக்காரர் நல்ல பேச்சுக்காரர்.

"அய்யா சிங்கப்பூரா?"

"மலேசியா."

"ரெண்டும் ஒண்ணுதானங்க."

எங்கள் ஊரில் இதைச் சொன்னால் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். பாதி வழியில் கிளட்ச் ஒயர் அறுந்தது. அவர் இறங்கிக் குனிந்து பார்த்து, பின்சீட்டுக்கடியிலிருந்து ஒரு பழைய ஒயரை உருவினார். "போன தடவ அறுந்ததுங்க, தூக்கிப் போடல. பாத்தீங்களா, இப்ப ஒதவுது." அறுந்த ஒயருக்கு அறுந்த ஒயரை முடிச்சுப் போட்டுப் புறப்பட்டோம். கியர் மாற்றும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.

பாறையில் ஏறுவது நண்பன் பயமுறுத்திய அளவுக்கு இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் கால் தானாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் சூடு. தைப்பிங்கில் குன்று என்றால் பாசியும் பெரணியும் மழையும். இங்கே குன்று என்றால் மொட்டைக் கல்லும் மேலே வானமும்தான். அந்தக் கல் சரிவில் திடீரென்று விஜயாலய சோழீச்சரம் நிற்கிறது. பெரிய கோயில் இல்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலைப் பார்த்த கண்ணோடு வருகிறவர்கள் இவ்வளவுதானா என்பார்கள். நாலு பக்கமும் சுற்றி வந்து, வட்டமான அந்தக் கருவறையையும் மேலே அடுக்கடுக்காக எழும் விமானத்தையும் பார்த்துவிட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எதிரே குடைவரையில் ஆளுயரத் திருமால்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஒரே முகச் சாயலில், ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் மாதிரி.

கோயில் கதவைத் திறந்துவிட்ட காவலர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும், புடவைமேல் காக்கிச் சட்டை. உள்ளே சுவரில் மங்கிப்போன ஓவியத்தின் தடம். அதே நேரத்தில் வந்திருந்த இன்னொரு பயணி செல்போன் விளக்கை அடித்துப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையே. கொஞ்சம் தண்ணி தெளிச்சுத் தொடச்சா நல்லாத் தெரியுமேம்மா" என்றார்.

"தெளிச்சா நல்லாத் தெரியுங்க சார். அப்பறம் எனக்கு வேல இருக்காது."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வெளியே வந்து நிழல் இருந்த பக்கமாகப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நான் திருச்சியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டுக்காக இந்த மாவட்டத்தில் ஒரு சின்னக் குகைக்குப் போனேன். ஊர்ப் பெயரை எழுதாமல் விடுகிறேன், அந்த ஊர்மேல் ஒரு குற்றமும் இல்லை. குகைச் சுவரில் ஓர் ஓவியம் எஞ்சியிருந்தது. ஒரு பெண், கையில் தாமரை மொட்டு, காலடியில் அன்னம். காவலர் பெயர் கருப்பையா. பழைய சுவர் ஓவியத்தை ஈரமாக்கினால் நிறம் பளிச்சென்று எழும்பும் என்று அப்போது எல்லாருக்கும் தெரியும். பெரிய மனிதர்கள் வந்தால் செம்புத் தண்ணீரைக் கையால் விசிறிக் காட்டுகிற வழக்கம் பல இடங்களில் இருந்தது. கருப்பையா மட்டும் அதைச் செய்ய மாட்டார். "மங்கலாத் தெரிஞ்சாப் போதும் தம்பி. நாளைக்கும் மங்கலாத் தெரியணும்ல" என்றார். பிறகு, மதியத்துக்கு நீ எங்கே போவாய் என்று கேட்டு, எனக்குச் சோறு எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அங்கே அவர் வைத்திருந்த குடத்துத் தண்ணீரை வாரித் தெளித்தேன். இரவல் கேமராவில் படம் எடுத்தேன். முகம் மட்டும் தெளிவாக இல்லை. துண்டை நனைத்துத் துடைத்தேன். முதல் இழுப்பில் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இரண்டாவது இழுப்பில் துண்டோடு வந்துவிட்டாள். துண்டைச் சுருட்டிப் பையில் வைத்தேன். கருப்பையா கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பையும் சோற்றையும் குகைக்கு வெளியே உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவர் உள்ளே போவதற்கு முன் கிளம்பினேன். திருச்சியில் ஸ்டுடியோவில் கழுவிப் பார்த்தபோது படச்சுருள் முழுவதும் கறுப்பு. ஒரு படமும் விழவில்லை.

சில வாரங்களில் கல்லூரிக்கு விசாரணைக் கடிதம் வந்தது. குகையின் வருகைப் பதிவேட்டில் என் பெயர் இருந்தது. நான் பதில் எழுதினேன். அழகாக எழுதினேன் என்று சொன்னேனல்லவா, அதுதான் இது: யான் சென்ற தினத்திலேயே அவ்வோவியம் அழிந்த நிலையில் இருந்தது. கருப்பையாவின் வேலை போனது என்று பிறகு ஒருவர் சொன்னார். படிப்பு முடிந்ததும் நான் கப்பலேறிவிட்டேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தேன்.

மூன்றாம் நாள் குன்றாண்டார்கோவில். அந்த மண்டபத்தைக் காணவே போகலாம். நூறு கால் மண்டபத்தையே தேராகச் செய்து, சக்கரம் வைத்து, குதிரைகளை முன்னால் பூட்டியிருக்கிறார்கள். குதிரைகள் பாய்கிற பாய்ச்சலைப் பார்த்தால் மண்டபம் எந்த நேரமும் கிளம்பிவிடும் என்று தோன்றும். பின்னால் பெரும்பாறையைக் குடைந்த கோயில் அமைதியாக இருக்கிறது. முன்னே அவசரம், பின்னே நிதானம். ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் வரவில்லை, இரண்டு ஆடுகளைத் தவிர. இப்படி ஒன்று எங்கள் நாட்டில் இருந்தால் நுழைவுச் சீட்டும் பேருந்து நிறுத்துமிடமும் நினைவுப் பொருள் கடையும் வந்து, குதிரையைப் பார்க்க முடியாமல் போயிருக்கும்.

நான் போக வேண்டிய ஊர் அங்கிருந்து பக்கம். டீக்கடையில் விசாரித்தேன்.

"கருப்பையான்னு ஒருத்தர் இருந்தாரே, தெரியுமா?"

"கருப்பையான்னு நாப்பது பேரு இருக்காங்க. எந்தக் கருப்பையா?"

"குகையில காவலரா இருந்தவர்."

"வாச்மேன் கருப்பையாவா. இருக்காரு, இருக்காரு. வேல போயி அம்பது வருசமாச்சு, பேரு மட்டும் போகல."

அருகில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார், "முட்டிதான் மடங்காது. வாயி நல்லா ஓடும். போயிப் பேசுங்க, பொழுது போகும்."

என் மனதில் அப்போது வந்ததையும் எழுதிவிடுகிறேன். அவர் இறந்திருப்பார் என்று பாதி எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை, விரும்பினேன். படத்துக்கு ஒரு மாலை போட்டு, கண்ணீர் விட்டு, நிம்மதியாக விமானம் ஏறியிருக்கலாம். அவர் உயிரோடு இருக்கிறார் என்றதும் நான் நேரே போகாமல் புதுக்கோட்டைக்குத் திரும்பி, பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டேன். முட்டையைப் பொடியாக நறுக்கி, வெங்காயமும் மிளகும் சேர்த்து மசாலாவாகக் கிண்டுகிறார்கள். குற்ற உணர்ச்சி உள்ளவனுக்குப் பசிக்காது என்று கதைகளில்தான் எழுதுவார்கள். நான் இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தள்ளிப்போட வேறு இடம் இல்லை.

வீட்டு வாசலில் தகரக் கூரையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார் கருப்பையா. எண்பத்தேழு வயது. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது, காது மட்டும் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளேயிருந்து அவர் மகள் வந்தார். வள்ளிக்கண்ணு என்று பெயர். ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. கணவர் போனபின் அப்பாவோடு இருக்கிறார்.

என் பெயரைச் சொன்னேன். மலேசியாவிலிருந்து படிக்க வந்தவன், குகையைப் பார்க்க வந்தேன், நீங்கள் சோறு போட்டீர்கள் என்றேன்.

"அடேய்," என்றார் கருப்பையா. "கருவாட்டுக் கொழம்பு. ரெண்டு தட்டு தின்னுட்டு, கை கழுவின தண்ணி காயறதுக்குள்ள ஓடுன பய. நீதானா அது? வள்ளி, மோரு கொண்டா. தலயெல்லாம் நரச்சுப் போச்சே தம்பி."

மோர் வந்தது. பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டது. நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"அந்தப் படம் போச்சு தம்பி. தெரியுமா?"

"தெரியும்."

"நீ வந்துட்டுப் போன மறுநாளோ என்னமோ. நம்ம புள்ளதான். எங்கூடவே வரும், நான் தரையத் தொடச்சா அதுவும் ஒரு துணிய நனச்சுக்கிட்டுத் தொடைக்கும். ஆறு வயசு. செவுத்தத் தொடச்சியான்னு கேட்டேன், ஆமான்னுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஆபீசருங்க வந்து கேட்டாங்க. பச்சப் புள்ளயக் காட்டிக்குடுக்க முடியுமா? நாந்தான் தொடச்சேன்னுட்டேன். அன்னிக்கே சட்டையக் கழட்டச் சொல்லிட்டாங்க."

வள்ளிக்கண்ணு கதவுச் சட்டத்தில் சாய்ந்து சிரித்தார். "இந்தக் கதைய வாரவங்ககிட்ட எல்லாம் சொல்லிருவாங்க. செவுரழிச்சவன்னுதாங்க ஊருல எனக்குப் பேரு. கல்யாணத்துல மாப்ள வீட்டுக்காரங்க வரைக்கும் கேட்டாங்க, எந்தச் செவுரும்மா அழிச்சன்னு."

நான் ஐம்பது ஆண்டுகளாகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு கருப்பையாவுக்கானது. அதில் இந்தப் பெண் இல்லை. இப்படி ஒருத்தி இருப்பாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நொடியில் எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. இந்த வீட்டில் யாரும் என்மேல் சந்தேகப்படவில்லை. அவர்கள் ஒரு முடிவுக்கு வந்து, அதைச் சிரித்துச் சொல்லுமளவுக்குப் பழகியும் விட்டார்கள். மோரைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுந்தால் போதும். டம்ளரில் பாதி மோர் இருந்தது. அது தீரும்வரை யோசிக்கலாம் என்று மெதுவாகக் குடித்தேன்.

பேச்சுக்காகக் கேட்பது போல, "பிள்ளைகள் இவங்க மட்டும்தானா?" என்றேன்.

"பெரியவன் ஒருத்தன். முருகையா. திருக்கோகர்ணத்துல இருக்கான்," என்றார் கருப்பையா. "எனக்கு வேல போனதும் கல் குவாரிக்குப் போனேன். ஒத்த ஆளு ஒடச்சு என்ன ஆகும்? அவனையும் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்திக் கூட்டிட்டுப் போனேன். நல்லாப் படிச்ச பய."

"அண்ணன் எங்கிட்டப் பேசிப் பதினோரு வருசமாச்சுங்க," என்றார் வள்ளிக்கண்ணு, வெயில் பற்றிச் சொல்கிற குரலில். "ஒரு விசேச வீட்டுல மதினி ஏதோ சொல்ல, நான் ஏதோ சொல்ல, ஒன்னாலதாண்டி நான் கல்லு ஒடச்சேன்னுச்சு எல்லாத்துக்கும் முன்னால. அதோட சரி."

மோர் தீர்ந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சுவரைத் துடைத்தது நான்," என்றேன்.

தயார் செய்த பேச்சில் ஒரு வாக்கியமும் நினைவுக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் சோறு எடுக்கப் போனது, குடம், துண்டு, கறுத்துப்போன படச்சுருள், கல்லூரிக்கு வந்த கடிதம், என் பதில். சொல்லி முடித்தேன். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று முறை கத்தியது.

வள்ளிக்கண்ணுதான் முதலில் கேட்டார். "நீங்க தொடச்சப்ப துண்டுல கலரு வந்துச்சா?"

"வந்தது."

"என்ன கலரு?"

"செங்காவி. கொஞ்சம் பச்சை."

அவர் தலையை ஆட்டினார். "நான் தொடச்சப்ப வரலங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. துணி வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஒண்ணும் ஒட்டலப்பான்னு சொன்னேன்."

"சொன்னியா?" என்றார் கருப்பையா.

"சொன்னேன். நீங்க என்னய அடிச்சுக்கிட்டு இருந்தீங்க. கேக்கல."

கருப்பையா என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் உடைத்துப் பருத்த விரல்கள். "எழுதத் தெரிஞ்ச பய. ஒரு காயிதம் போட்டிருக்கலாம்ல தம்பி," என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று நான் தொடங்கினேன். வள்ளிக்கண்ணு அதைக் கேட்க அங்கே இல்லை. உள்ளே போயிருந்தார். ஐந்து நிமிடத்தில் வேறு புடவை கட்டி, கைப்பையோடு வந்தார்.

"எந்திரிங்க."

"எங்கே?"

"அண்ணன் வீட்டுக்கு. ஞாயித்துக்கெழம, வீட்டுலதான் இருக்கும். இங்க சொன்னத அங்க சொல்லுங்க. ஒரு வார்த்த கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

"போன்ல..."

"போன்ல சொன்னா நான் ஆள வச்சுப் பேசச் சொன்னேன்னு மதினி சொல்லும். நேருல வாங்க."

கருப்பையா நாற்காலியின் கைகளை ஊன்றி எழப் பார்த்தார். முட்டி விடவில்லை. "நீ போயிட்டு வா ஆத்தா," என்றார் மகளிடம்.

பஸ்ஸில் கூட்டம். வள்ளிக்கண்ணுவுக்கு முன்னால் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. நான் பின்படியருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இறங்கி ஓடிவிடுவேனோ என்று பார்த்திருக்கிறார். தப்பாக நினைக்கவில்லை. இரண்டு நிறுத்தங்களில் எனக்கும் அந்த யோசனை வந்தது. நடத்துநர் கேட்டார், "பெருசு, எங்க எறங்கணும்?" முன்னாலிருந்து பதில் வந்தது: "அவரு எங்கூட வாராரு. நான் எறங்குனா எறங்குவாரு."

முருகையாவின் வீடு கோயிலுக்குப் பின் தெருவில். இரும்புக் கதவு, உள்ளே ஒரு டிவிஎஸ் ஃபிப்டி நின்றது. அவர் மனைவி கதவருகே வந்து பார்த்தார். வாங்க என்றார் என்னிடம். நாத்தனாரிடம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. முருகையா பனியனோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சண்டைக்காகவா, பயந்தா என்று தெரியவில்லை. "அப்பாவுக்கு என்ன?" என்றார், காற்றைப் பார்த்து.

"அப்பா நல்லா இருக்காங்க. நான் ஒண்ணும் சொல்ல வரல. இவரு சொல்லுவாரு," என்று வள்ளிக்கண்ணு சுவரோரமாக நின்றுகொண்டார்.

சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கடிதத்தின் வாசகம் வந்தபோது, "அதத் திருப்பிச் சொல்லுங்க," என்றார் முருகையா. சொன்னேன்: யான் சென்ற தினத்திலேயே அவ்வோவியம் அழிந்த நிலையில் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். கேலியாக இல்லை, உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு கேட்டார். "என்ன படிச்சுக்கிட்டு இருந்தீங்க அப்ப?"

"எம்.ஏ."

"முடிச்சீங்களா?"

"முடிச்சேன்."

அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். "எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரிச்ச நம்பர் வந்திருச்சு. எந்த ரூம்பு, எந்த பெஞ்சுன்னு வரைக்கும் தெரியும். பரிச்ச அன்னிக்குக் குவாரியில இருந்தேன். பத்து மணிக்கு மணி அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று டம்ளர். முதல் டம்ளரை வள்ளிக்கண்ணுவிடம் நீட்டினார். வள்ளிக்கண்ணு அதை உடனே வாங்கவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது. கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியபின் வாங்கிக்கொண்டார்.

முருகையா ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். பித்தான்களைப் போட முடியாமல் இரண்டு முறை தப்பாகப் போட்டுக் கழற்றினார். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை வெளியே தள்ளினார்.

"ஏறு," என்றார்.

வள்ளிக்கண்ணு தெருவைப் பார்த்தார். "பஸ்ஸு இருக்கு."

"ஏறுங்கறேன்ல. அப்பாவப் பாக்கணும்."

அவர் ஒருபக்கமாக உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து, பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனை அல்ல. வண்டி கிளம்பியது. தெருமுனையில் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. அங்கே வண்டி தூக்கிப்போட்டபோது அவர் கை முருகையாவின் தோளுக்கு வந்தது. பள்ளம் தாண்டிய பின்னும் அங்கேயே இருந்தது.

வாசலில் நானும் அந்த அம்மாவும் நின்றோம்.

"நீங்க எங்கிட்டுப் போகணும்?" என்றார்.

"பஸ் ஸ்டாண்டு."

"நேராப் போயி ரோட்டுல நில்லுங்க. டவுன் பஸ்ஸு வரும்."

இரும்புக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். நான் ரோட்டுக்கு நடந்தேன்.